குரங்குக் குல்லா

எங்கள் வீட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் கவலைப்படலாம். யார் முறையோ அவர் தலையில் சிவப்புக் குரங்குக் குல்லா ஏறிவிடும். மற்றவர்கள் வழக்கம்போலச் சாப்பிட்டு, சண்டை போட்டு, சிரித்துக்கொண்டிருக்க வேண்டும். அப்பாவுக்கு இதய ஆபரேஷன் நடந்த அன்று அம்மாவின் முறை. ஆஸ்பத்திரி பெஞ்சில், சித்திரைப் புழுக்கத்தில், அவள் குல்லாவோடு வியர்த்து வழிந்தாள். பக்கத்தில் அண்ணனும் நானும் தாயம் உருட்டினோம்.

"நல்லா கவலைப்படு பேச்சி, பாதியில விட்டுறாத" என்று ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி சிரித்துக்கொண்டே அப்பா உள்ளே போனார்.

எதிர் பெஞ்சில் ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். அவள் கணவனையும் காலையில்தான் உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். மடியில் சாப்பாட்டுப் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. வெகுநேரம் குல்லாவையே பார்த்தவள் கடைசியில் விவரம் கேட்டாள். அம்மா சொன்னாள்.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா, ஒரு பத்து நிமிஷம் எங்க வீட்டுக்காரருக்கும் சேத்து நீங்களே கவலைப்படுறீங்களா?"

அம்மா குல்லாவைக் காதுக்குக் கீழே நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அவர் பேரு?"

"தவசிமுத்து."

அந்தப் பெண் பொட்டலத்தைப் பிரித்தாள்.