பேர் வைக்க முடியாத துண்டு

வீரமுத்துவைக் கடுப்பேற்றியது ஃபிரெடிதான்.

புக்கிட் காத்திலில் அவர் நடத்தும் பள்ளி வேன்களுக்கு, எந்த வீட்டுப் பிள்ளையை எப்போது ஏற்றுவது என்று சொல்லும் புரோகிராம் அவன் எழுதியது. வேன் வந்ததும் பெற்றோருக்கு மெசேஜ் போக வேண்டும் என்று கேட்டிருந்தார். இரண்டு வாரமாக, ஓடிக்கொண்டிருந்ததைத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருக்கிறான்.

"கேட்டதைச் செய்யாம என்னத்தடா வெட்டுற?"

"எல்லாம் ஒரே நீளமாக் கிடக்கு அங்கிள். ஒரு இடத்துல கை வச்சா வேற இடம் உடையுது. ஒரு வேலைக்கு ஒரு சின்னத் துண்டு, அதுக்கு ஒரு பேர். பேரைப் படிச்சாலே என்ன செய்யுதுன்னு தெரியணும்."

"இத்தனை நாள் ஓடலையா?"

"ஓடுது. ஏன் ஓடுதுன்னுதான் தெரியல."

வீரமுத்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இந்த ஒண்ணுக்குத்தான் பேர் வைக்க முடியல, அங்கிள். பதினாலாம் நம்பர் வீடு ஸ்கூலுக்குப் பக்கத்துல இருக்கு. கடைசியா ஏத்த வேண்டிய பிள்ளை. ஏன் முதல்ல ஏத்தி ஊரெல்லாம் சுத்துறோம்?"

"நான்தான் அப்போ காரணம் சொல்லாம உன்னைப் போடச் சொன்னேன். கணேசமூர்த்தி வீடு அது. கோயில் கூட்டத்துல அத்தனை பேர் முன்னால, 'படிக்காதவன் உட்காரு'ன்னான். அவன் வீட்டுல அஞ்சு மணிக்கே எழும்பட்டும்."

"அப்போ 'பழிவாங்கு'ன்னு பேர் வச்சிடவா லா?"

"நக்கலா?"

பக்கத்து மேசையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த மகள் கலைமகள் நிமிர்ந்தாள். "அப்பா, கணேசமூர்த்தி மாமா காலி பண்ணிட்டுப் போய் ரெண்டு வருஷமாச்சு."

"என்ன?"

"அங்க இப்போ வேற குடும்பம். தேவிஸ்ரீன்னு முதலாம் வகுப்புப் பிள்ளை. வேன்லயே தூங்கிடுது, டிரைவர்தான் தூக்கி இறக்குறாரு. கொஞ்சம் லேட்டா ஏத்துங்கன்னு அவங்கம்மா கெஞ்சினாங்க. பதினாலாம் நம்பர்ல இருந்து யார் கேட்டாலும் 'கம்ப்யூட்டர் போடுறது, நாங்க ஒண்ணும் செய்ய முடியாது'ன்னு சொல்லச் சொன்னது நீங்கதானே?"

வீரமுத்து ஃபிரெடியின் திரையைப் பார்த்தார்.

"எடுத்துடு தம்பி."

ஃபிரெடி அழித்தான். "கடைசி ஆளாப் போட்டாச்சு அங்கிள். இனி அந்தப் பிள்ளை நல்லாத் தூங்கும்."

வீரமுத்து தலையாட்டினார். மகள் பக்கம் திரும்பினார்.

"கணேசமூர்த்தி இப்போ எங்க இருக்கான்?"

"ரெம்பியாவுல. ஏம்ப்பா?"

"ரெம்பியாவுக்கும் ஒரு வேன் விட்டா என்ன?"