கண்ணாடி ஆறவில்லை

"குவிமாடத்தை மூடி வெச்சது யாரு? மதியமே திற, தொலைநோக்கிக் கண்ணாடி ஆறட்டும்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேனே!"

நெவெனா கத்தியதில் உதவியாளன் ஜெல்யோ தலையைக் குனிந்துகொண்டான்.

திரையில் நட்சத்திரம் புள்ளியாக இல்லை. நடுவில் ஓட்டை விழுந்த வளையமாக வீங்கிக் கிடந்தது.

தொலைநோக்கியின் குவியத்தைத் திருத்தும் பொத்தானைத் தட்டினாள். வளையம் இன்னும் பெருத்தது.

பின்னால், மேலங்கியைக்கூடக் கழற்றாமல், பேராசிரியர் காந்தெவ் உட்கார்ந்திருந்தார்.

அந்த மலையில் ஒரு வழக்கம். முதல் படத்தை எடுப்பவருடையது அந்த இரவு. கண்டுபிடிப்பும் அவர் பெயரில்தான் போகும்.

குவியம் சரியாகும்வரை காந்தெவ் காத்திருப்பார். சரியானதும் எழுந்து வருவார். "கொஞ்சம் நகரும்மா" என்பார். படமெடுக்கும் பொத்தானை ஒரே ஒரு முறை அழுத்துவார். தூங்கப் போய்விடுவார்.

விடியும்வரை விழித்திருப்பது நெவெனா.

போன வருடம் ஒரு கோள் அப்படித்தான் அவருடையதாயிற்று.

இன்று ரோடோபி மலைக்கு மேல் வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. இருட்டி முடிந்ததும், புதிய கோள் ஒன்று குறுக்கே வந்து ஒரு நட்சத்திரம் மங்கும். கணித்தவள் அவள்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் காந்தெவ்.

"இந்த மடையனைக் கேளுங்க புரபசர். இருக்கிற சூட்டுக்குக் கண்ணாடி மேல மெகித்சா அப்பம் சுட்டுத் திங்கலாம். நட்சத்திரம் பாக்க முடியாது."

காந்தெவ் திரையை உற்றுப் பார்த்தார். தன் கையால் அவர் குவியம் வைத்துப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

"சாப்பிட்டு வரேன். ஆறினதும் கூப்பிடு. நான் வராம தொடங்கிடாத."

படிக்கட்டில் காலடி ஓசை தேயும்வரை அவள் அசையவில்லை.

பிறகு பொத்தானை எதிர்ப்பக்கம் தட்டினாள். வளையம் சுருங்கியது. ஓட்டை மூடியது. ஊசி முனையாக ஓர் ஒளி நின்றது.

காந்தெவ் படியேறி வருவதற்கு முன்பே அவள் குவியத்தை வைத்திருந்தது இதே இடத்தில்தான்.

மதியமே குவிமாடத்தைத் திறந்துவிட்டிருந்த ஜெல்யோ, கதவைத் தாழிட்டான்.

"அக்கா, மடையன்னு திட்டறது நாம பேசி வெச்சதுல இல்லையே?"

அவள் சிரிக்கவில்லை. கோபத்தில் மட்டும் நடிப்பு இருக்கவில்லை.

படமெடுக்கும் பொத்தான்மேல் விரலை வைத்தாள்.

அழுத்தினாள்.