சிவப்பைத் தொட்டால் இறங்கு

“பிறந்த நாளுக்குப் பொண்டாட்டி சட்டை வாங்கித் தருவா, வாட்ச் வாங்கித் தருவா. ஆயில் கூலர் வாங்கித் தந்தவ உலகத்துலயே என் பொண்டாட்டி ஒருத்திதான்!”

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடி கத்தினார் வக்கீல். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீலை முறைத்தே உட்கார வைக்கிற மனிதர், முழங்கை வரை எண்ணெயோடு சின்னப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்.

“கத்தாம ஹோஸை இறுக்குங்க” என்றாள் மனைவி. அவள் பல் டாக்டர். நோயாளியின் வாய்க்குள் பார்க்கிற அதே கவனத்தோடு பம்பருக்குப் பின்னால் டார்ச் அடித்துக்கொண்டிருந்தாள்.

கூலர் பெட்டியைக் கொண்டுவந்தவன் அவள் தம்பி. கார் சாமான் கடை வைத்திருப்பவன். “மாமா, வேணும்னா நான் மாட்டித் தரட்டுமா?” என்றான்.

“தொட்டே, தெரியும் சேதி! இது என் பரிசு. நானேதான் மாட்டுவேன்.”

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா டார்ச்சைத் தட்டிப் பார்த்துக்கொண்டாள்.

புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கிய வேகக் கார் அது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரேஸ் டிராக்கில் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரை ஓட்டலாம். கார் ஒன்று, பைத்தியம் இரண்டு. யார் எவ்வளவு நேரம் ஓட்டுவது என்று முதல் நாளே பெரிய சண்டை. வக்கீல்தான் சட்டம் போட்டார். “ஆயில் சூட்டைக் காட்டுற முள் சிவப்பைத் தொட்டா, ஓட்டுறவங்க இறங்கணும். வண்டி ஆறினதும் அடுத்தவங்க ஏறலாம். முள் சிவப்பைத் தொடுற வரைக்கும் ‘இறங்கு’ன்னு யாரும் வாயைத் திறக்கக் கூடாது.”

சட்டம் போட்டவருக்குத்தான் சாதகம். அவர் காரைத் தாங்கித் தாங்கி ஓட்டுவார். ஏழெட்டுச் சுற்று வரை முள் அசையாது. அவளுக்கு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கவே தெரியாது. மூன்றாவது சுற்றிலேயே முள் சிவப்புக்கு ஓடிவிடும். “நீ ஏறி உட்கார்ந்தாலே எண்ணெய் கொதிக்குது” என்று ஒவ்வொரு மாதமும் கேலி செய்வார். அவள் முள்ளைப் பார்த்துக்கொண்டே இறங்கிவிடுவாள்.

அவருக்கும் ஒரு ஏக்கம் இருந்தது. ஒரே ஒரு சுற்றையாவது இரண்டு நிமிஷத்துக்குள் முடித்துவிட வேண்டும். விரட்டினால் சூடு ஏறுகிறது, தாங்கினால் நேரம் போகிறது. நாளையோடு டிராக்கை மூடிப் புதுத் தார் போடப் போகிறார்கள். நாளையை விட்டால் அடுத்த வருஷம்தான்.

“இனிமே எண்ணெய் ஒரு ஹோஸ்ல முன்னாடி வந்து, காத்துல ஆறி, இன்னொரு ஹோஸ்ல திரும்பிப் போயிடும். நாளைக்கு ரெண்டு நிமிஷத்தை உடைக்கிறேன் பாரு!” என்று கார் அடியிலிருந்து சபதம் போட்டார்.

மறுநாள் காலை டிராக்கில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கதவைத் திறக்கப் போனார். அதற்குள் அவள் சீட்டில் இருந்தாள்.

“முதல்ல ஹோஸ் ஒழுகுதான்னு பார்க்க வேணாமா? மாட்டினது நீங்க. எங்க பார்க்கணும்னு உங்களுக்குத்தான் தெரியும். நான் ரெண்டு சுத்து போயிட்டு வரேன்.”

“ரெண்டே சுத்துதானே?”

“வலிக்கவே வலிக்காது” என்றாள், ஊசி போடுவதற்கு முன் சொல்கிற குரலில்.

இரண்டு சுற்று முடித்து வந்து நின்றாள். அவர் தரையில் படுத்து, இண்டு இடுக்கு விடாமல் பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. பெருமையாகக் கட்டைவிரலை உயர்த்தினார். எழுந்து முழங்காலைத் தட்டிவிடுவதற்குள் காரைக் காணோம்.

“போகட்டும் மச்சான். மூணு சுத்துதான் அவ கணக்கு. இப்ப வந்துடுவா” என்றார், கூட வந்திருந்த அவள் தம்பியிடம்.

வரவில்லை. நாலாவது சுற்று, ஐந்தாவது சுற்று, ஆறாவது சுற்று. ஹெல்மெட்டுக்குள் அவருக்குத்தான் சூடேறியது. கார் ஒவ்வொரு தடவையும் முன்னைவிட வேகமாக அவரைத் தாண்டிப் போனது.

ஸ்டாப் வாட்சோடு நின்ற தம்பி திடீரென்று துள்ளினான். “மாமா! ஒண்ணு அம்பத்தொம்பது!”

ஒரு நொடி வக்கீலுக்கு வயிறு எரிந்தது உண்மை. அடுத்த நொடி, “ரெண்டு நிமிஷத்தை உடைச்சுட்டா! என் பொண்டாட்டி! என் பொண்டாட்டிங்க அது!” என்று முன்பின் தெரியாதவர்களை எல்லாம் கட்டிப்பிடித்துக் குதித்தார்.

ஒருவழியாகக் கார் வந்து நின்றது. கண்ணாடி மட்டும் இறங்கியது. அவள் பெல்ட்டைக் கழற்றவில்லை.

“பெட்ரோல் போடுங்க.”

“கலக்கிட்டேம்மா! சரி, இப்ப நான். இற...”

அவள் முள்ளைத் தட்டிக் காட்டினாள். அது பாதியில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. “சிவப்பைத் தொட்டாத்தானே இறங்கணும், வக்கீல் சார்? மதியத்துக்கு மேல பார்க்கலாம்.”

வக்கீல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஏன் மச்சான், உங்கக்காவுக்கு இந்த ஐடியா எப்ப வந்துச்சு? நேத்தா?”

“நேத்தா?” தம்பி பெட்ரோல் டின்னைச் சாய்த்தான். “நீங்க சட்டம் போட்ட அன்னைக்கே கூலரை வாங்கி என் கடைப் பரண்ல போட்டுட்டா, மாமா. உங்க பிறந்த நாள் பரிசுன்னு சொன்னாத்தானே நீங்களே உருண்டு புரண்டு மாட்டித் தருவீங்க!”