நேரலையில் ஒரு நாடி

'விழுது' என்ற மென்பொருள் ஃப்ரேம்வொர்க்கை நம்பிப் பல்லாயிரம் வலைத்தளங்கள் ஓடுகின்றன. அதைப் பராமரிக்க மிச்சமிருக்கும் ஒரே ஆள் என் கணவர் ஜெபின். அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று டெவலப்பர்கள் பயந்ததால், அவர் கையில் ஒரு பட்டையைக் கட்டி, நாடித்துடிப்பை உலகத்துக்கே நேரலையில் காட்டுகிறார்கள். போன மாதம் காய்ச்சலில் துடிப்பு ஏறியதற்கே பாதிப் பேர் விழுதைக் கைவிட்டார்கள்.

இன்று காலை, இட்லியைப் பிட்டவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு முடிப்பதற்குள், பட்டையைக் கழற்றி என் கையில் கட்டினார்.

"ஆஸ்பத்திரிக்குப் போறது யாருக்கும் தெரியப்பிடாது, ஷீபா."

பட்டையின் திரையில் துடிப்பு ஏறியது. நூற்றுப் பத்து. நூற்று முப்பது. அவருடைய போன் விடாமல் அலறியது.

மூச்சிரைக்கக் கெஞ்சினார்: "பயப்படாத, ஷீபா. எல்லாரும் பாத்துட்டு இருக்காங்க."