பிடியில் ஒரு வெள்ளை நூல்

பொள்ளாச்சியிலிருந்து லாவோஸ் வரை ஒரு கீறல்கூட விழாமல் ஓட்டிவந்த வண்டி என்று சென்னியப்பன் போகிற ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தார். திருட்டுக் காவல் போட்டிருக்கும்போது வேற்று ஆள் தொட்டால் மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாரே அந்தக் கையைக் கவ்விக்கொள்ளும். அவர் வந்து விரல் வைத்தால்தான் விடும்.

லாவோஸில் தங்கியிருந்த விடுதியில், கிளம்பும் நாள் காலையில் அலறல் கேட்டு, அவர் மனைவி பூங்கொடிதான் முதலில் வாசலுக்கு ஓடினாள். விடுதிக்காரம்மா வண்டியருகே மண்டியிட்டுக் கிடந்தாள். இரண்டு விரல்கள் பிடிக்குள் நசுங்கிக் கூழாகியிருந்தன. பக்கத்தில் பாதி முடிச்சோடு ஒரு வெள்ளை நூல் தொங்கியது. கிளம்புகிறவர்களுக்கு வழித்துணையாக நூல் கட்டுவது அந்த ஊர் வழக்கம்.

“வண்டிக்கும் கட்டறேன்னு நேத்தே சொன்னாங்களே! நீங்களுந்தானே தலையாட்டுனீங்க? காவலை ஆஃப் பண்ணி வெச்சிருக்கலாமில்லீங்க?”

“மறந்துட்டேன் புள்ள. ஆனா பாரு, என்னமா வேலை செய்யுது!”

அவர் விரலை வைத்ததும் பிடி விட்டது. ‘திருட்டு தடுக்கப்பட்டது. வாழ்த்துகள்’ என்றது வண்டி. அவர் கைக்குட்டையை எடுத்தார். காயத்தைக் கட்டத்தான் என்று பூங்கொடி நினைத்தாள். அவர் பெட்ரோல் டேங்கைத் துடைத்தார்.

“காஞ்சா கறை போகாது. ஏறு, வெயிலுக்கு முன்னால போயிரலாம்.”

பூங்கொடி ஏறவில்லை. நூலை அவிழ்த்துத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, விடுதிக்காரம்மாவைத் தாங்கி எழுப்பினாள்.

“நீங்க போங்க. உங்களுக்குத்தான் துணைக்கு வண்டி இருக்குதே.”