தோளில் ஒரு கை

கல்லூரி பேஸ்பால் அணியின் பழைய போட்டோவை, பார்ப்பவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காட்டும் சுவர்த்திரையில் போட்டாள் ஜெசிந்தா. ஒவ்வொரு முகத்துக்கும் கீழே திரை பெயர் எழுதிக்கொண்டே வந்தது. அவள் தோளில் கைபோட்டு நின்ற கோதையின் முகம் மட்டும் கலங்கிக் கிடந்தது. ஒரே கையுறையை இருவரும் மாற்றி மாற்றிப் போட்டு ஆடியவர்கள்.

“என்னங்க, கோதை முகம் அழிஞ்சுபோச்சே!”

“எனக்கு நல்லாத்தானே தெரியுது,” என்றார் கணவர் தேவசகாயம்.

“ஜெசிந்தாவுக்கு மட்டும் தன் முகத்தைக் காட்ட வேண்டாம் என்று கோதை சொல்லியிருக்கிறார்,” என்றது திரை.

“அவ பேரைத்தானேங்க நம்ம பொண்ணுக்கு வச்சேன்!”



முகத்தை மறைத்துக்கொண்டவள் கையை மறந்துவிட்டாள். அந்தக் கையுறையோடு அது ஜெசிந்தாவின் தோளில் இன்னும் உரிமையோடு கிடந்தது.