ஐந்தாவது வாக்கு

"கை வைக்க வேற ஆளே கிடைக்கலையா? போயும் போயும் போர்பா மேலயா வெச்சே?" என்றார் மூத்த வேளாண் ஆய்வாளர் வெஸ்.

டெல்ஃபீன் கூட்ட அரங்கத்துக்குள் நுழைந்தாள்.

உரிமம் பெற்ற வேளாண் ஆணையர் இல்லாத கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, மாநில அரசின் நிதி கிடையாது. பழைய ஆணையர் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது அந்த உரிமம் துணை ஆணையரான டெல்ஃபீனிடம் மட்டுமே இருந்தது. இன்று கவுண்டியை நிர்வகிக்கும் மேற்பார்வைக் குழு அவளை நியமிக்காவிட்டால் நிதி நின்றுவிடும். தோப்புகளில் பழ ஈக்களைப் பிடிக்க வைத்த பொறிகளைப் பார்க்க ஆளிருக்காது. வெஸ்ஸின் வேலையும் போய்விடும்.

குழுவில் ஐந்து பேர். இருவர் அவளுக்கு ஆதரவு. அரசு நிதியும் வேண்டாம், அதோடு வரும் கெடுபிடியும் வேண்டாம் என்று இருவர் எதிர்ப்பு. ஐந்தாமவர் எல்மர் போர்பா, கலிபோர்னியாவின் அந்தப் பக்கத்தில் பெரிய பாதாம் தோப்புக்காரர்.

சென்ற பிப்ரவரியில், பாதாம் பூத்துத் தேனீக்கள் பறந்துகொண்டிருந்த பட்டப்பகலில், அவர் தோப்பில் பூச்சிமருந்து தெளிக்கப்பட்டது. பக்கத்துத் தோப்பின் தேனீப் பெட்டிகளுக்கு முன்னால் தேனீக்கள் கொத்துக்கொத்தாய்ச் செத்து விழுந்தன. யாரோ போனில் தகவல் சொல்ல, டெல்ஃபீன் நேரில் போய்ப் பார்த்து, போர்பாவுக்கு அபராதம் விதித்தாள். அன்று முதல் அவர் அவள் முகத்தைப் பார்த்ததில்லை.

வாக்கெடுப்பு தொடங்கியது. இரண்டுக்கு இரண்டு. அரங்கமே போர்பாவின் பக்கம் திரும்பியது.

அவர் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"அந்த அபராதம் சரிதான்னு இன்னைக்கும் சொல்றியாம்மா?"

பதவிக்காக ஒருமுறை நாக்கை வளைத்தவர், பிறகு அதை நிமிர்த்தப் படாத பாடு படவேண்டும். டெல்ஃபீன் எழுந்து நின்றாள்.

"சரிதான் சார். நாளைக்கே மறுபடி மருந்து அடிச்சாலும் அபராதம் போடுவேன்."

வெஸ் கண்களை மூடிக்கொண்டார்.

"என் வாக்கு ஆதரவு," என்றார் போர்பா.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. எப்போதும் புகாரோடு வரும் விவசாயிகள்கூட அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள்.

வாசலில் போர்பாவைப் பிடித்துவிட்டாள் டெல்ஃபீன். "என் மேல கோபம்னுதான் சார் இத்தனை நாளா நினைச்சேன்."

"கோபம் இல்லம்மா, வெட்கம். அன்னைக்கு மருந்து அடிச்சது என் மகன். எவ்வளவோ சொன்னேன், கேக்கல." அவர் குரல் தாழ்ந்தது. "உங்க ஆபீசுக்குப் போன் பண்ணி, தகவலை மட்டும் சொல்லிட்டு, பேர் சொல்லாம வெச்சது நான்தான்."